கயிற்றின் விலையும் உயிரின் விலையும்

சந்தவாசல் போன்ற ஜவ்வாது மலையடிவார ஊர்களில் கிணறு தூர்வாருவதும் ஆழப்படுத்துவதும் ஆபத்தான வேலை. மண் சரியும், கயிறு அறும், அடியில் நச்சுக்காற்று தேங்கியிருக்கும். 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டக் கணக்குப்படி, மாதம் 15,000 ரூபாய் வாங்கும் 30 வயதுத் தொழிலாளி வேலையில் இறந்தால், கூலியில் பாதியை 207.98 ஆல் பெருக்க வேண்டியிருந்தது; சுமார் 15.6 லட்சம். புதுக் கயிறு, இடுப்புப் பட்டை, தலைக்கவசம், காற்றை உள்ளே தள்ளும் விசிறி எல்லாம் சேர்ந்தாலும் அதன் அருகில்கூட வராது.

கொடுத்தாலும் போட்டுக்கொள்வதில்லை, தப்பு அவர்களுடையதுதானே என்று வேலை கொடுப்பவர்கள் கேட்கலாம். தொழிலாளி பாதுகாப்புக் கருவியை வேண்டுமென்றே ஒதுக்கினார் என்ற அந்த வாதம், மரணத்திலும் நிரந்தர முழு ஊனத்திலும் அச்சட்டத்தின் முன் நின்றதில்லை. கிணற்றுக்கு ஆள் பேசும்போதே பாதுகாப்புச் செலவையும் கூலியோடு சேர்த்துப் பேசிவிடுங்கள்.