காற்றை இறக்குவது சுலபம், அளப்பதுதான் கஷ்டம்

சனிக்கிழமை விடியும் முன்பே புனேயின் சாந்தினி சௌக்கைத் தாண்டி முல்ஷி பக்கம் ஜீப்புகள் புறப்பட்டுவிடுகின்றன. சிலருக்குத் தாம்ஹிணி கணவாயை ஒட்டிய சேற்றுத் தடங்களே போதும். சிலர் மலையிறங்கிக் கொங்கண் கரைவரை போகிறார்கள். தார்ச் சாலை முடிந்ததும், விஷயம் தெரிந்தவர்கள் வண்டியை நிறுத்தி டயர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து காற்றைத் திறந்துவிடுகிறார்கள்.

காற்று குறைந்த டயர் தரையில் நீளமாகப் படியும். பாரம் பரவுவதால் மணலில் புதையாமல் நகரும். 1920களில் லிபியப் பாலைவனத்தில் ஃபோர்டு கார்களை ஓட்டித் திரிந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ரால்ஃப் பாக்னால்டு கையாண்ட உத்திகளில் இதுவும் ஒன்று. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர்களின் 'டக்' என்ற நீர்-நில வாகனத்தில் ஓட்டுநர் இருக்கையில் இருந்தபடியே டயர் காற்றைக் கூட்டிக் குறைக்க முடிந்தது. நம் ஜீப்காரருக்கு அந்த வசதி இல்லை. குனியத்தான் வேண்டும்.

எதைக் கொண்டு இறக்குவது? சாவி முனையோ தீக்குச்சியோ போதும், செலவில்லை. ஆனால் ஒரு டயருக்கே பல நிமிடங்கள் பிடிக்கும், விரலும் வலிக்கும். வால்வு பின்னைக் கழற்றினால் காற்று சீறிக்கொண்டு வெளியேறும். கூடவே பின்னும் பறந்து மணலில் மறைந்துவிட்டால் அன்றைய பயணம் அவ்வளவுதான். இதற்காகவே வந்தது பித்தளைக் குழல் வைத்த கருவி. வால்வில் திருகி, உள்ளிருக்கும் பின்னைக் கழற்றிக் குழலுக்குள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு டயருக்கு ஒரு நிமிடம், சற்று முன்பின். ஆஸ்திரேலியாவின் ஏ.ஆர்.பி. நிறுவனம் விற்கும் கருவி இந்த ரகம். மற்றொன்று தானியங்கி. நான்கு சிறு பித்தளை மூடிகளை நான்கு வால்விலும் திருகிவிட்டு டீ குடிக்கப் போகலாம். முன்பே அமைத்த அழுத்தம் வந்ததும் ஸ்பிரிங் மூடிக்கொள்ளும். ஆனால் உள்ளே ஒரு மணல் துகள் மாட்டினால் மூடாது. டீயை முடித்துத் திரும்பும்போது டயர் தரையோடு தரையாகக் கிடக்கும். சேறு, மணல் என்று ஒரே நாளில் தரை மாறுகிற சஹ்யாத்ரி-கொங்கண் பயணத்துக்குப் பின்னைப் பிடித்துவைக்கும் ரகமே தேவலை.

உண்மையில் பணம் போட வேண்டியது கேஜில். கரடுமுரடுத் தடத்துக்கு 25 பவுண்டு, சேற்றுக்கு 20, மணலுக்கு 15 முதல் 18 என்பது உத்தேசக் கணக்கு. வண்டியின் எடைக்கும் டயருக்கும் ஏற்ப மாறும். 15-க்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். டியூப் உள்ள பழைய ஜீப்புகளில் ரிம் சுழல, டயர் நழுவி, டியூபின் வால்வே பிய்ந்துவரும். ஆக, இரண்டு மூன்று பவுண்டுப் பிசகே பெரிய பிசகு. 150 பவுண்டு வரை காட்டும் கேஜில் 15 என்பது முள் அப்போதுதான் எழும்புகிற மூலை, அங்கே நம்பக்கூடாது. 60 வரை உள்ளதே போதும். காற்று வெளியேறிக்கொண்டிருக்கும்போது கேஜ் காட்டுவதும் பொய். நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும்.

புனேக்காரர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே 32 காட்டிய டயர், அதே வெப்பத்தில், கடற்கரையில் ஏறத்தாழ 31 காட்டும். ஓட்டை எதுவும் இல்லை, வெளிக்காற்றின் அழுத்தம் கூடிவிட்டது, அவ்வளவே. வெப்பம் செய்யும் வேலை இதைவிடப் பெரிது. ஓடிச் சூடேறி 50 டிகிரியில் இருக்கும் டயரை 18-க்கு இறக்கினால், மறுநாள் காலை 25 டிகிரியில் அது பதினைந்தரைதான் காட்டும்.

(கடற்கரையில் வண்டி ஓட்டப் பல இடங்களில் தடை உண்டு. காற்றை இறக்கினாலும் குற்றம் குற்றமே.)

ஆபத்து திரும்பும்போதுதான். 18 பவுண்டுடன் நெடுஞ்சாலையில் வேகமெடுத்தால் டயரின் பக்கச்சுவர் ஓயாமல் மடங்கிச் சூடேறும், வெடிக்கவும் கூடும். காற்று குறைந்திருக்கும்வரை மணிக்கு 30, 40 கிலோமீட்டரே அதிகம். ஆனால் களைத்துப்போன ஞாயிறு மாலையில் கம்ப்ரஸரை எடுக்க யாருக்கும் மனம் வருவதில்லை. 'அடுத்த பெட்ரோல் பங்க்கில் பார்த்துக்கொள்ளலாம்' என்று கிளம்பிவிடுகிறார்கள். அடுத்த பங்க் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கலாம். அங்கே காற்று இயந்திரம் பழுதாகியும் இருக்கலாம். எனவே இறக்கும் கருவியை விலை பேசும்போதே 12 வோல்ட் கம்ப்ரஸரையும் சேர்த்துப் பேசிவிடுவது நல்லது. சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சின்ன ரகம் பெரிய டயருக்குத் திணறும், ஃப்யூஸும் போகலாம். பாட்டரியிலேயே நேரடியாகக் கவ்வும் ரகமாக வாங்கி, எஞ்சினை ஓடவிட்டு நிரப்ப வேண்டும். நான்கு டயருக்கும் அரை மணி நேரம்கூட ஆகலாம். டீக்கு அதுதான் சரியான நேரம்.