வெள்ளை வவ்வாலும் ஷெல்லின் அணியும்

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்து ஏலத்தைப் பார்த்தவர்கள், கரையேறிய மீனெல்லாம் ஒரே குவியலாகக் கிடக்காமல், வஞ்சிரம் ஒரு கூடையிலும் சங்கரா ஒரு கூடையிலும் நெத்திலி ஒரு கூடையிலுமாகப் பிரிந்து வரிசையில் நிற்பதைக் கவனித்திருப்பார்கள். கணினிக்குக் கட்டளை எழுதுவோர் ‘அணி’ என்று வழங்கும் ஏற்பாட்டின் ஸ்வரூபமும் அதுவே. பல பொருள்கள் ஒன்றோடொன்று கலவாமல், ஒரே பெயரின் கீழ், ஆளுக்கோர் எண் பெற்று நிற்கின்றன. பாஷ் என்னும் ஷெல்லில் அந்த எண் பூஜ்யத்திலிருந்து ஆரம்பமாவதால், மூன்றாவது கூடைக்கு உரிய எண் 2.

ஷெல் என்பது நாம் தட்டச்சிடும் கட்டளைகளை வாங்கி நிறைவேற்றிவைக்கும் நிரல்; அக்கட்டளைகளைக் கிரமமாக ஒரு கோப்பில் எழுதிவைத்தால் அது ஷெல் ஸ்கிரிப்ட். 1979-இல் பெல் ஆய்வுக்கூடத்து யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வெளிவந்த ஸ்டீபன் போர்னின் ஷெல்லில் அணி கிடையாது. பல பெயர்களைச் சேர்த்துவைக்க விரும்பியவர், இடைவெளி விட்டு அவற்றை ஒரே வரியாக எழுதிவிடுவார். இடைவெளி கண்ட இடமெல்லாம் ஷெல் வெட்டிக்கொள்ளும். வஞ்சிரம், சங்கரா என்று ஒற்றைச் சொற்களாக வரும்வரை இதில் விக்கினம் இல்லை. ‘வெள்ளை வவ்வால்’ வந்தால், வெள்ளை ஒரு மீனாகவும் வவ்வால் வேறொரு மீனாகவும் ஆகிவிடும்! டேவிட் கார்னின் ஷெல் 1980-களில் அணியைக் கொண்டுவந்தது. 1989-இல் பிரையன் ஃபாக்ஸ் எழுதி வெளியிட்ட பாஷ், 1996-இல் வந்த தன் இரண்டாம் பதிப்பில் அதை ஏற்றுக்கொண்டது.

அணி வந்தபின்னும் பழைய சுபாவம் ஷெல்லை விட்டு முற்றும் நீங்கிவிடவில்லை என்பதுதான் கற்பவர் நெஞ்சில் ஆழப் பதியவேண்டிய விஷயம். வட்ட அடைப்புக்குள், ஒவ்வொன்றுக்கும் மேற்கோள் குறியிட்டு, வஞ்சிரம், வெள்ளை வவ்வால், சங்கரா என மூன்று பெயர்களை அணியில் வைத்தோம் என்று கொள்வோம். எல்லாவற்றையும் திரும்பப் பெற, டாலர் குறியிட்டு, நெளிவு அடைப்புக்குள் அணியின் பெயரையும், அதையொட்டிச் சதுர அடைப்புக்குள் மின்னஞ்சல் முகவரிகளில் வரும் ‘அட்’ குறியையும் எழுதவேண்டும். இத்தொடர் முழுவதையும் இரட்டை மேற்கோளுக்குள் இட்டால் மூன்று பெயர்கள் மூன்றாகவே வரும். மேற்கோளை விட்டுவிட்டால் நான்காகும். மேற்கோள் இருந்தும் ‘அட்’ குறிக்குப் பதில் நட்சத்திரக் குறியை இட்டால், மூன்றும் ஒட்டி ஒன்றாகிவிடும். அற்பமென்று தோன்றும் இந்த மேற்கோளால் விளையக்கூடிய அனர்த்தம் பெரிது. ‘ஏப்ரல் கணக்கு’ என்ற கோப்பை அழிக்கச் சொல்லும் கட்டளையில் அது விடுபட்டுப்போனால், அருகே ‘கணக்கு’ என்று தனியாக இருக்கும் கோப்பு அழிந்துவிடும். அழிக்க நினைத்தது அப்படியே இருக்கும்.

மீன் பெயர்களை வரிக்கு ஒன்றாக எழுதிய கோப்பு கையில் இருந்தால், பாஷின் ‘மேப்ஃபைல்’ கட்டளை ஒவ்வொரு வரியையும் சிதறாமல் அணியில் ஏற்றித் தரும். நடுவிலுள்ள ஒன்றை நீக்கினால் மற்றவை நகர்ந்து இடத்தை நிரப்புவதில்லை; அந்த எண் வெற்றிடமாகவே நிற்கும். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்விக்கும் சுற்றுகளில், எண்களை ஒவ்வொன்றாக ஏற்றிச் செல்லும் சுற்றைக் காட்டிலும் பொருள்களையே நேராக எடுத்துச் செல்லும் சுற்று உத்தமம் என்று நான் கருதுவது இதனால்தான்.

2011-இல் தமிழ்நாட்டரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்வழி, சி-டாக் நிறுவனம் டெபியன் என்னும் இயக்குதளத்தை ஆதாரமாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸ் அரசுப் பள்ளி மாணவர் கைக்கு வந்தது. டெபியன் வழிவந்த இயக்குதளங்களில் பயில்வோர்க்கு ஓர் எச்சரிக்கை: அங்கே ‘எஸ்ஹெச்’ என்ற பெயரில் இயங்குவது பெரும்பாலும் டாஷ் என்னும் சிறிய ஷெல், அதற்கு அணி தெரியாது. ஆகவே ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே பாஷைப் பெயர் சொல்லி அழைத்துவிடவேண்டும்.

2009-இல் வந்த பாஷின் நான்காம் பதிப்பு, எண்ணுக்குப் பதில் பெயரையே அடையாளமாகக் கொள்ளும் அணியையும் தந்தது. அணியின் பெயர் ரோமன் எழுத்தில்தான் இருக்கவேண்டும் என்றாலும், உள்ளே ‘வெள்ளை வவ்வால்’ என்று தமிழில் எழுதி, அன்றைய விலையை அதனெதிரே வைக்கலாம். ஆனால் இவ்வகை அணி, இட்ட கிரமத்தை நினைவில் வைத்துக்கொள்வதில்லை. ஏலம் போன வரிசையிலேயே விலைப்பட்டியல் அச்சாக வேண்டுமானால், பெயர்களின் வரிசைக்கு எண் அணி ஒன்றும், விலைக்குப் பெயர் அணி ஒன்றுமாக இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ளவேண்டும்.