தட்டு இங்கிலீஷ், அடுப்பு இத்தாலி

லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பகுதியில், ரீஜென்ஸி தெரு முனையில், கறுப்பு டைல்ஸ் பதித்த முகப்போடு ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. ரீஜென்ஸி கஃபே என்று பெயர், 1946-ல் தொடங்கியது. காலை நேரத்தில் போனால் வரிசையில்தான் நிற்க வேண்டும். கவுன்ட்டரில் வேண்டியதைச் சொல்லி, பணத்தைக் கொடுத்துவிட்டு, ஃபார்மிகா மேசை ஒன்றில் இடம் பிடித்து உட்கார வேண்டும். சற்று நேரத்தில் கவுன்ட்டருக்குப் பின்னாலிருந்து குரல் வரும். டோக்கன் எண்ணோ பெயரோ கிடையாது. தட்டில் இருப்பதையெல்லாம் கடை அதிர ஒரே மூச்சில் அறிவிப்பார்கள்: முட்டை, பேக்கன், சாசேஜ், பீன்ஸ், டோஸ்ட்! தன்னுடையது என்று தெரிந்தவர் எழுந்து போய் எடுத்துவருவார். 'லேயர் கேக்', 'ராக்கெட்மேன்' படங்களில் இந்தக் கடை தலைகாட்டியிருக்கிறது. காலை ஏழு மணிக்கு வருகிற கட்டட வேலைக்காரருக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

அந்தத் தட்டுக்குத்தான் ஃபுல் இங்கிலீஷ் பிரேக்ஃபாஸ்ட் என்று பெயர். லண்டன் போய்வந்த நம்மவர்கள் பலர் இதை ஹோட்டல் பஃபேயில் சாப்பிட்டிருப்பார்கள். மூடி போட்ட பாத்திரத்தில் மணிக்கணக்காகக் கிடந்து விறைத்துப்போன பேக்கன், ரப்பராகிவிட்ட முட்டை. இதற்கா இவ்வளவு பேச்சு என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு, அருகில் தோசை எங்கே கிடைக்கும் என்று தேடப் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. இந்தச் சாப்பாட்டின் சொந்த வீடு தெருவோரக் கஃபே. உள்ளூர்க்காரர்கள் செல்லமாகக் 'கேஃப்' என்பார்கள். கிண்டலாக 'கிரீசி ஸ்பூன்', அதாவது எண்ணெய்ப் பிசுக்கேறிய கரண்டி என்பார்கள்.

கஃபே சமையற்காரரின் திறமை எல்லாம் நேரக் கணக்கில் இருக்கிறது. முதலில் கல்லில் ஏறுவது சாசேஜ். நிதானமான சூட்டில், திருப்பித் திருப்பி, நான்கு பக்கமும் சிவக்க வேண்டும். அவசரப்பட்டால் தோல் வெடித்து உள்ளே வேகாமல் நிற்கும். அது பாதி வெந்த பிறகு பேக்கன். அதிலிருந்து உருகி ஓடும் கொழுப்பில் காளானும், பாதியாக அரிந்த தக்காளியும் வதங்கும். பீன்ஸ் தனிப் பாத்திரத்தில் சுடச்சுட நிற்கும். முட்டைதான் கடைசி. கொழுப்பைக் கரண்டியால் அள்ளி மேலே ஊற்றினால் வெள்ளைக்கரு இறுகி, மஞ்சள்கரு மட்டும் தளதளவென்று நிற்கும். அந்த நொடியில் எடுத்துத் தட்டில் வைத்து, டோஸ்ட்டைச் சொருகி, ஆள் முன்னால் கொண்டுபோய் வைக்க வேண்டும். ஒரு பொருள் முந்தினாலும் பிந்தினாலும் ஏதோ ஒன்று ஆறிப்போகும். காலைக் கூட்டத்தில் இப்படி ஒரே சமயத்தில் ஏழெட்டுத் தட்டுகளை ஓட்டுகிறவரைப் பார்த்துக்கொண்டிருப்பதே ஒரு வேடிக்கை.

தட்டில் இருப்பவற்றில் நம் நாக்குக்கு முதலில் புதிதாகப் படுவது சாசேஜ். முழுக்க இறைச்சி என்று நினைத்துக் கடிப்பவர் ஏமாறுவார். பிரிட்டனில் 'போர்க் சாசேஜ்' என்ற பெயரில் விற்க 42 சதவீதம் பன்றி இறைச்சி இருந்தாலே போதும். மீதியில் ரஸ்க் தூள், கொழுப்பு, மிளகு, தண்ணீர் எல்லாம் சேரும். அந்த ரஸ்க் கொழுப்பை உறிஞ்சிக்கொள்வதால்தான் அப்படியொரு மெத்தென்ற பதம். பேக்கனிலும் அமெரிக்கப் படங்களில் பார்க்கும் மொறுமொறு நாடா இங்கே இல்லை. முதுகுப் பகுதி இறைச்சியில் அகலமாகச் சீவிய 'பேக் பேக்கன்'தான் வழக்கம். அதிலும் ஒரு பெரும்பகுதி இங்கிலாந்தில் தயாரானது அல்ல. டென்மார்க்கின் ஹோர்சென்ஸ் நகரில் 1887-ல் விவசாயிகள் தொடங்கிய கூட்டுறவுப் பேக்கன் ஆலையும் அதைத் தொடர்ந்து வந்தவையும் பிரிட்டன் சந்தையைக் குறிவைத்தே வளர்ந்தன.

கறுப்பு வட்டமாக ஓரத்தில் உட்கார்ந்திருப்பது பிளாக் புட்டிங். பன்றி ரத்தமும் கொழுப்பும் ஓட்ஸ் அல்லது பார்லியும் சேர்த்துச் செய்வது. பெயரைக் கேட்டுத் தட்டைத் தள்ளிவிடும் ஆங்கிலேயர்களும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆட்டு ரத்தப் பொரியல் சாப்பிட்டு வளர்ந்த தமிழருக்கு அந்தத் தயக்கம் இருக்காது. மிளகு வாசமும் வெளி ஓரத்தின் மொறுமொறுப்பும் பழகிய ருசிகள்தான்.

முட்டைக்குப் பின்னால் ஓர் அரசியல் கதை இருக்கிறது. 1988 டிசம்பரில், பிரிட்டிஷ் முட்டைகளில் பெரும்பாலானவற்றில் சால்மோனெல்லா கிருமி பாதிப்பு இருக்கிறது என்று சுகாதாரத் துறை துணை அமைச்சர் எட்வினா கரி சொல்லிவிட்டார். முட்டை விற்பனை தலைகுப்புற விழுந்தது. இரண்டே வாரத்தில் அவர் பதவி விலகினார். பின்னர் கோழிகளுக்குத் தடுப்பூசி போட்டு, முட்டையில் சிங்க முத்திரை குத்தி, பண்ணைக்காரர்கள் மெல்ல மெல்ல நம்பிக்கையை மீட்டார்கள். அந்த முத்திரை உள்ள முட்டையைக் கர்ப்பிணிகளும் அரைவேக்காட்டில் சாப்பிடலாம் என்று அரசின் உணவுத் தர அமைப்பு சொன்னது 2017-ல்தான்.

பீன்ஸ் அமெரிக்க வரவு. ஹெய்ன்ஸ் நிறுவனத்தின் டின் சரக்கு லண்டனில் முதலில் ஏறிய இடம், பணக்காரர்களின் கடையான ஃபோர்ட்னம் அண்ட் மேசன், வருடம் 1886. அன்று அது ஆடம்பரப் பண்டம். இன்று விகன் நகரை அடுத்த கிட் கிரீனில், 1959-ல் திறந்த ராட்சத ஆலையில், அது மலைமலையாகத் தயாராகிறது. மேசையில் நிற்கும் பழுப்பு நிற ஹெச்.பி. சாஸ் இன்னொரு சுவையான சங்கதி. நாட்டிங்ஹாம் மளிகைக்காரர் ஃபிரெடரிக் கார்ட்டன் 1895-ல் பதிவு செய்த சரக்கு அது. லேபிளில் நாடாளுமன்றக் கட்டடம். பாட்டிலைத் திருப்பிச் சேர்மானப் பட்டியலைப் படித்தால் வினிகர், பேரீச்சம்பழம் ஆகியவற்றோடு புளியும் இருக்கும். பேக்கனோடு அது ஏன் அவ்வளவு எடுப்பாகச் சேர்கிறது என்பதை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. பர்மிங்ஹாமின் ஆஸ்டன் ஆலை 2007-ல் மூடப்பட்ட பிறகு இந்த 'நாடாளுமன்ற சாஸ்' நெதர்லாந்தில் தயாராகிறது!

இப்படி ஒவ்வொன்றாகப் பார்த்தால் இந்தத் தட்டில் இங்கிலாந்தைவிட வெளிநாடுகளே அதிகம். சமைத்த கைகளைப் பார்த்தால் அது இன்னும் தெளிவாகும்.

அந்தக் கைகளுக்கு வருமுன் கொஞ்சம் பழைய கதை. காலையில் இப்படி வயிறு முட்டச் சாப்பிடுவது முதலில் பெரிய வீட்டு வழக்கம். 1861-ல் வந்த இசபெல்லா பீட்டனின் குடும்ப நிர்வாகப் புத்தகம் காலை உணவுக்குச் சொல்லும் பட்டியலில் கானாங்கெளுத்தி, ஆட்டுச் சிறுநீரகம், சாசேஜ், பேக்கன், ஆம்லெட் என்று அடுக்கிக்கொண்டே போகிறது. இந்தியாவில் வேலை பார்த்துத் திரும்பிய துரைமார்கள் நம் கிச்சடியை மீனும் முட்டையும் சேர்த்து 'கெட்ஜரி' ஆக்கி அதே மேசையில் வைத்தார்கள். இரண்டாம் உலகப் போர் வந்தது. 1940 ஜனவரியில் பேக்கன் ரேஷனுக்குப் போயிற்று; 1954 ஜூலையில்தான் வெளியே வந்தது. அதன் பிறகுதான், வேலைக்குப் போகிற சாமானியன் காசு கொடுத்துத் தினமும் வாங்கிச் சாப்பிடுகிற தட்டாக இது கஃபேக்களில் நிலைபெற்றது.

அந்தக் கஃபேக்களை நடத்தியவர்களில் கணிசமானோர் இத்தாலியர். அவர்கள் பட்ட பாடு சாதாரணமானது அல்ல. 1940 ஜூனில் முசோலினி போர் அறிவித்ததும், பிரிட்டனில் பல்லாண்டுகளாக டீயும் ஐஸ்கிரீமும் விற்றுப் பிழைத்துவந்த இத்தாலிய ஆண்கள் ஒரே நாளில் 'எதிரி நாட்டவர்' ஆனார்கள். கடைக் கண்ணாடிகள் நொறுங்கின. பிடித்துச் சென்றவர்களில் ஒரு பகுதியினரைக் கனடாவுக்கு அனுப்ப 'ஆரண்டோரா ஸ்டார்' என்ற கப்பலில் ஏற்றினார்கள். ஜூலை 2-ம் தேதி அயர்லாந்துக் கடலோரத்துக்கு அப்பால் ஜெர்மன் நீர்மூழ்கி அதைத் தகர்த்தது. மாண்ட எண்ணூற்றுச் சொச்சம் பேரில் 440-க்கும் மேற்பட்டவர்கள் இத்தாலியர்கள். கஃபே வைத்திருந்தவர்களும் அதில் உண்டு. போர் முடிந்ததும் மிச்சமிருந்த குடும்பங்கள் திரும்பவும் அடுப்பைப் பற்றவைத்தன. இங்கிலாந்து தன் பெயரைச் சூட்டிக்கொண்ட காலை உணவை இங்கிலாந்துக்குக் காப்பாற்றிக் கொடுத்தது இந்தக் குடும்பங்கள் என்றால் மிகையில்லை.

சந்தேகம் இருப்பவர்கள் கிழக்கு லண்டனுக்குப் போகலாம். பெத்னல் கிரீன் சாலையில், மஞ்சள் கண்ணாடிப் பலகை முகப்பில் உலோக எழுத்துகளோடு நிற்கிறது இ.பெல்லிச்சி. 1900 முதல் ஒரே குடும்பத்தின் கையில் இருக்கும் கடை. பெயரிலுள்ள 'இ' என்பது எலீடே. கணவர் இறந்த பிறகு, பிள்ளைகளையும் வளர்த்துக்கொண்டு, கடையையும் தூக்கி நிறுத்திய பெண்மணி. 1946-ல் அக்கில் கபோச்சி என்ற தச்சரைக்கொண்டு உள்சுவர் முழுக்க ஆர்ட் டெக்கோ பாணியில் மர இழைப்பு வேலை செய்யவைத்தார். வெவ்வேறு நிற மரத் துண்டுகளைப் பொருத்திச் செய்த சூரியக் கதிர் வடிவங்கள் இன்றும் மின்னுகின்றன. டீக்கடை அளவுள்ள இடத்தில் கப்பலின் முதல் வகுப்பு அறைக்கான அலங்காரம்! 2005-ல் அரசு இதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்தது.

அங்கே இடம் கேட்டால் தனி மேசை கிடைப்பது அபூர்வம். முன்பின் தெரியாதவர்களோடு சேர்த்து உட்காரவைத்துவிடுவார்கள். அடுத்த ஐந்து நிமிடத்தில் பேச்சு தொடங்கிவிடும். எலீடேயின் மகன் நெவியோ பிறந்ததே கடைக்கு மேலே இருந்த வீட்டில்; 2008-ல் இறக்கும்வரை கடைதான் அவர் உலகம். அவர் மனைவி மரியா இத்தாலியின் டஸ்கனியிலிருந்து வந்து பல பத்தாண்டுகள் சமையலறையை ஆண்டவர். ஒரே அடுப்பில் பேக்கனும் பொரியும், லசான்யாவும் வேகும். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் லண்டனைக் கலக்கிய தாதாக்களான கிரே இரட்டையர்கள் இங்கே வாடிக்கையாளர்களாக இருந்தவர்கள்.

இத்தாலியர் விட்ட இடத்தை இப்போது துருக்கியர், குர்து மக்கள், சைப்ரஸ்காரர்கள் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். காலையில் பேக்கன் முட்டையும் மாலையில் தாய்லாந்து நூடுல்ஸும் போடுகிற கடைகளும் லண்டனில் சகஜம். ஹலால் கடைகளில் பன்றிக்குப் பதில் வான்கோழி 'பேக்கன்', மாட்டிறைச்சி சாசேஜ்.

ஊருக்கு ஊர் தட்டும் மாறும். ஸ்காட்லாந்தில் சதுர சாசேஜும் உருளைக்கிழங்கு ரொட்டியும் ஹேகிஸும் சேரும். அங்குள்ள ஸ்டோர்னோவே பிளாக் புட்டிங்குக்கு 2013-ல் புவிசார் பாதுகாப்புக் கிடைத்தது. வடக்கு அயர்லாந்தில் சோடா ரொட்டி. வேல்ஸில் கடற்பாசியை வேகவைத்துக் கடைந்த கரும்பச்சைக் களி.

இவ்வளவு கலப்புக்குப் பிறகும் சுத்தம் பார்க்கிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். இங்கிலீஷ் பிரேக்ஃபாஸ்ட் சொசைட்டி என்ற அமைப்பின் தலைவலி, ஹாஷ் பிரவுன். துருவிய உருளைக்கிழங்கைப் பொரித்த அந்த அமெரிக்கச் சரக்குக்குத் தட்டில் என்ன வேலை, மீந்த கோஸும் கிழங்கும் சேர்த்து வறுக்கும் 'பபிள் அண்ட் ஸ்குவீக்' போதாதா என்பது அவர்கள் வாதம். அமெரிக்க பீன்ஸை ஏற்றுக்கொண்டவர்கள் கிழங்குக்கு மட்டும் முகம் சுளிப்பது சிரிப்பை வரவழைக்கிறது. இருந்தாலும் ருசியை வைத்துப் பார்த்தால் அவர்கள் பக்கம் நியாயம் உண்டு: ஃப்ரீசரிலிருந்து வரும் ஹாஷ் பிரவுன் எந்தக் கடையிலும் ஒரே மாதிரி இருக்கும். இன்னொரு தகராறு, பீன்ஸ் சாறு முட்டையைத் தொடலாமா என்பது. நடுவில் சாசேஜை அணைபோல் வைக்கச் சொல்லும் ஆலன் பார்ட்ரிட்ஜ் என்ற நகைச்சுவைக் கதாபாத்திரத்தின் தொலைக்காட்சி வசனம் இன்றும் அங்கே எல்லார் வாயிலும் புழங்குகிறது.

கடைகள் குறைந்துகொண்டே வருகின்றன. பிக்காடிலி சர்க்கஸ் அருகே 1951 முதல் நடந்துவந்த நியூ பிக்காடிலி கஃபே 2007-ல் மூடப்பட்டது. வாடகை ஒரு பக்கம் நெருக்க, காப்பிச் சங்கிலிக் கடைகளும் மலிவு விலைப் பப்களும் மறுபக்கம் நெருக்குகின்றன. பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்ற அறிவிப்பு சுவரைக் காக்கும்; வியாபாரத்தைக் காக்காது.

லண்டன் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பத்து பவுண்டை ஒட்டிய காசில் இந்தத் தட்டு கிடைக்கும். சில கடைகளில் டீயும் அதிலேயே அடக்கம். டீ என்றால் பெரிய மக்கில், அடர்த்தியாக, பால் விட்டு. சர்க்கரை நாமே போட்டுக்கொள்ள வேண்டும். மெனுவில் 'செட்' என்று எண் போட்டிருப்பதில் முதல் முறை சிறியதையே கேளுங்கள்; பெரிய தட்டு 1,000 கலோரியைச் சுலபமாகத் தாண்டும், மதியச் சாப்பாடு இறங்காது. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு 'வெஜ் பிரேக்ஃபாஸ்ட்' பெரும்பாலான இடங்களில் உண்டு. ஆனால் பெரும்பாலும் எல்லாம் ஒரே கல்லில்தான் வேகும். வறுத்த ரொட்டி பேக்கன் கொழுப்பில் பொரித்ததாக இருக்கலாம், கேட்டுவிடுவது நல்லது. கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இந்தக் கடைகள் பெரும்பாலும் பிற்பகல் மூன்று, நான்கு மணிக்கே ஷட்டரை இறக்கிவிடும். பெல்லிச்சிக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை.