ஆண்மைக் குறைவு: டாக்டரிடம் மறைக்காதீர்கள்

மானத்துக்குப் பயந்து நாம் வாய் திறக்காத ஒரு நோயைப் பற்றி இம்முறை பேசுவோம்.

ஆண்மைக் குறைவு வந்ததும், "வயசாகிப் போச்சு, இனி என்ன?" என்று சிலர் ஒதுங்கி விடுகிறார்கள். சிலர் இரவுச் சந்தையில் 'ஆண்மைக் கோப்பி' வாங்கி, மனைவிக்கும் தெரியாமல் குடிக்கிறார்கள். இரண்டும் தவறு.

இனிப்புநீர், ரத்தக் கொதிப்பு, புகை ஆகியவை ரத்தக் குழாய்களைக் கெடுக்கின்றன. ஆணுறுப்பின் குழாய்கள் சிறியவை என்பதால் அங்கே குறை முதலில் தெரியலாம். இருதயம் பிறகு பாதிக்கப்படலாம். ஆகவே இது வெட்கம் அல்ல, எச்சரிக்கை மணி.

1998-இல் வந்த வயாகராவில் உள்ள மருந்து சில்டனாபில். ரத்தக் குழாயை விரித்து ரத்த ஓட்டத்தைக் கூட்டுகிறது. டாக்டர் எழுதிய அளவை, சுமார் ஒரு மணி நேரத்துக்கு முன் சாப்பிட வேண்டும். 24 மணி நேரத்தில் ஒரு தடவைதான். "ஒண்ணுக்கு ரெண்டா போட்டா நல்லா வேலை செய்யும்" என்பது பொய். பால் அதிகம் வேண்டுமென்று கத்தியை ஆழமாக இறக்கினால் மரம்தானே காயப்படும்? உடம்பும் அப்படித்தான். சம்சு, கள்ளோடும் சேர்க்காதீர்கள்.

முக்கியமான ஆபத்து இது: நெஞ்சு வலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் நைட்ரேட் மாத்திரையும் இதுவும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் திடீரென்று இறங்கி உயிரே போகலாம். இதை விழுங்கிய பின் நெஞ்சு வலித்தால், நாக்கின் கீழ் எதையும் வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என்ன மருந்து, எத்தனை மணிக்கு என்பதை முதலில் சொல்லுங்கள்.

கோப்பியில் ஆபத்து அதிகம். 2017-இல் 'கோப்பி ஜந்தான்' என்ற கோப்பித்தூள் அமெரிக்காவில் திரும்பப் பெறப்பட்டது. சில்டனாபிலைப் போன்ற ரசாயனம் அதில் இருந்தது, பொட்டலத்தில் எழுதவில்லை. குடித்தவருக்கே தெரியாதபோது டாக்டரிடம் எப்படிச் சொல்வார்?

நம் நாட்டில் இம்மாத்திரையை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. ஃபார்மசியில் வாங்கும் பெட்டியில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் பதிவு எண்ணைப் பாருங்கள். இருதயம், ரத்தக் கொதிப்பு, புராஸ்டேட் ஆகியவற்றுக்குச் சாப்பிடும் மருந்துகளையும் டாக்டரிடம் காட்டுங்கள். விறைப்பு நான்கு மணி நேரம் அடங்காவிட்டாலும், பார்வை திடீரென்று மங்கினாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கோலா கங்சார் அரசாங்க ஆஸ்பத்திரியோ, பக்கத்துக் கிளினிக்கோ, டாக்டர் இதைக் கேட்டுச் சிரிக்க மாட்டார். இனிப்புநீரையும் ரத்தக் கொதிப்பையும் சோதிப்பார். மனைவியையும் கூட்டிப் போங்கள். வெட்கம் ஒரு நாள். குடும்பத்துக்கு நீங்கள் வேண்டியது பல காலம்.