பல் கூச்சம்: பற்பசையை மாற்றுமுன் காரணத்தை அறிவோம்

குளிர்ந்த மோரை ஒரு வாய் அருந்தியதும் பல்லில் சுரீரென ஒரு வலி; நொடியில் மறைந்தும் விடுகிறது. அவ்வாறு மறைந்துவிடுவதாலேயே பலரும் அதனைப் பொருட்படுத்துவதில்லை. அந்தப் பக்கம் மெல்வதைத் தவிர்ப்பதும், விளம்பரத்தில் கண்ட பற்பசையை வாங்குவதுமாகக் காலம் கழிகிறது. ஆனால், பல் கூச்சம் தனியொரு நோயன்று. அது ஓர் அறிகுறி. காரணத்திற்கேற்பவே மருத்துவமும் அமைய வேண்டும்.

கூச்சம் ஏன் ஏற்படுகிறது?

பல்லின் மேற்புறத்தை மூடியுள்ள எனாமல், நம் உடலிலேயே மிகக் கடினமான பொருளாகும். அதன் அடியிலுள்ள டென்டின் பகுதியில், திரவம் நிரம்பிய நுண்குழாய்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. எனாமல் தேய்ந்தாலோ, ஈறு இறங்கி வேர்ப்பகுதி வெளிப்பட்டாலோ அக்குழாய்களின் வாய் திறந்துகொள்கிறது. குளிர்ச்சியோ, இனிப்போ, புளிப்போ பட்டதும் உள்ளிருக்கும் திரவம் அசைந்து நரம்பைத் தூண்டுகிறது. அதுவே கூச்சம்.

இழந்த எனாமல் மீண்டும் வளர்வதில்லை. வங்கி மொழியில் கூறினால், அது ஒருமுறை மட்டுமே கிடைக்கும் முதல்.

முதலைக் கரைக்கும் பழக்கங்கள்

கடினமான பிரஷ்ஷால் பக்கவாட்டில் அழுத்தித் தேய்ப்பதும், கரித்தூள், செங்கற்பொடி ஆகியவற்றால் துலக்குவதும் பல்லைத் தேய்க்கின்றன. எலுமிச்சைச் சாறு, குளிர்பானம் ஆகியவற்றின் அமிலம் எனாமலை மென்மையாக்குகிறது. இவற்றை அருந்தியவுடன் பல் துலக்காமல், நீரால் வாய் கொப்பளித்து அரை மணி நேரம் பொறுத்திருத்தல் நலம். உறக்கத்தில் பல் கடிப்பதும் ஒரு காரணமாகும்.

புகையிலை கலந்த பற்பசை, பற்பொடி ஆகியவற்றை அரசு 1992-ஆம் ஆண்டிலேயே தடை செய்தது. ஆயினும், மகாராஷ்டிரத்தில் மிஷ்ரி எனப்படும் வறுத்த புகையிலைத் தூளால் பல் துலக்கும் வழக்கம் முற்றிலும் மறையவில்லை. புகையிலை ஈறுகளைக் கெடுத்து, வேர்களை வெளிப்படுத்துகிறது.

மருத்துவம் என்ன?

கூச்சத்திற்கான பற்பசைகளில் உள்ள பொட்டாசியம் நைட்ரேட் நரம்பின் தூண்டலைத் தணிக்கிறது. ஸ்டேனஸ் ஃபுளோரைடு நுண்குழாய்களை அடைக்கிறது. மென்மையான பிரஷ்ஷால் நாளுக்கு இருமுறை, 2 நிமிடம் துலக்குங்கள். பலன் தெரிய 2 முதல் 4 வாரங்கள் ஆகலாம். இரண்டு நாளில் கைவிடுவதால் பயனில்லை. அதன்பின்னும் குறையாவிடில் பல் மருத்துவரை அணுகுங்கள். ஃபுளோரைடு வார்னிஷ் பூசுதல், தேய்ந்த குழியை நிரப்புதல், பல் கடிப்போர்க்கு இரவு உறை என அவர் காரணமறிந்து தீர்வு காண்பார்.

காத்திராதீர்கள்

ஒரே பல்லில் மட்டும் வலி, சூடு பட்டதும் தொடங்கி நெடுநேரம் நீடிக்கும் வலி, உறக்கத்தைக் கலைக்கும் வலி, வீக்கம் ஆகியவை இருந்தால் பற்பசையை நம்பிக் காத்திராதீர்கள். ஆழமான சொத்தையோ, பல்லில் விரிசலோ இருக்கக்கூடும்.

தொடக்கத்திலேயே கண்டறிந்தால் பெரும்பாலும் சொத்தையை அடைப்பதோடு முடிந்துவிடும். தாமதித்தால் வேர் சிகிச்சை, அதன்மேல் உறை எனச் செலவு பன்மடங்காகிறது. மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்கள் பலவும் இத்தகைய வெளிநோயாளர் பல் சிகிச்சைக்கு இழப்பீடு வழங்குவதில்லை. உங்கள் பாலிசியின் விதிவிலக்குகளை ஒருமுறை படித்துவிடுங்கள். அரசுப் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் குறைந்த செலவில் சிகிச்சை பெறலாம். ஆண்டுக்கு ஒருமுறையேனும் பற்களைப் பரிசோதித்துக்கொள்வது, முதலைக் காக்கும் சிக்கனமான வழி.