கிருமியை விழுங்கும் அணுவே நரம்பையும் அரிக்கிறது!
தொழுநோயில் விரல் மடங்குவது ஏன்? நோபல் விஞ்ஞானியின் தங்கை கண்டறிந்த உண்மை

அண்ணாகிராமம்,

பண்ருட்டி, அண்ணாகிராமம் பகுதியில் முந்திரிக் கொட்டை உடைப்பவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். ஓட்டில் உள்ள எண்ணெய் கையில் பட்டால் தோல் வெந்து விடும். எரிச்சல் தாங்காது.

கை வெந்தும் எரிச்சலே தெரியவில்லை என்றால்? அதுதான் ஆபத்து! தொழுநோயின் அறிகுறியாக இருக்கலாம்.

"அதுதான் ஒழிஞ்சு போச்சே" என்பார்கள். 10 ஆயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை 2005-ம் ஆண்டு இந்தியா எட்டியது உண்மைதான். ஊருக்குள் அது அபூர்வ நோய் ஆகி விட்டது. ஆனால் 2023-ம் ஆண்டில் மட்டும் நாட்டில் 1 லட்சத்துக்கும் அதிகமானவர்களுக்கு இந்த நோய் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது.

சோம்பேறிக் கிருமி

இந்தக் கிருமியை 1873-ல் நார்வே நாட்டு டாக்டர் ஹேன்சன் கண்டுபிடித்தார். ஒரு கிருமி இரண்டாகப் பெருகவே சுமார் 2 வாரம் ஆகும். இத்தனை மந்தமான கிருமி நரம்பை எப்படிக் கெடுக்கிறது? டாக்டர்களை நெடுநாள் குழப்பிய கேள்வி இது.

இதற்கு முக்கியமான ஒரு விடை 2017-ல் கிடைத்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியை லலிதா ராமகிருஷ்ணனும் அமெரிக்க விஞ்ஞானிகளும் சேர்ந்து இதைக் கண்டறிந்தனர். லலிதா யார் தெரியுமா? நம் சிதம்பரத்தில் பிறந்து, 2009-ல் நோபல் பரிசு வாங்கிய வெங்கி ராமகிருஷ்ணனின் தங்கை!

கண்ணாடி மீன்

வரி போட்ட ஒரு சின்ன மீனின் குஞ்சுகளை அவர்கள் எடுத்துக் கொண்டனர். குஞ்சின் உடம்பு கண்ணாடி மாதிரி. உள்ளே நடப்பது மைக்ராஸ்கோப்பில் அப்படியே தெரியும்.

அதற்குள் தொழுநோய்க் கிருமியைச் செலுத்தினார்கள். கிருமியை விழுங்கும் அணுக்கள் ஓடி வந்து விழுங்கின. விழுங்கிய பிறகு சும்மா இருக்கவில்லை. நரம்பை ஒட்டி ஊர்ந்து, நைட்ரிக் ஆக்சைடு என்ற பொருளைக் கக்கின. கிருமியைக் கொல்ல வேண்டிய அந்தப் பொருள், மின்சார ஒயர் மேல் இருக்கும் உறை போல நரம்பைச் சுற்றியுள்ள உறையைச் சிதைத்து விட்டது!

திருடனைப் பிடிக்க வந்த காவலாளியே வீட்டைக் கொளுத்திய கதைதான்.

மாத்திரையை நிறுத்தாதீர்!

நோயாளிகள் சிலருக்கு வேறொரு வெள்ளை அணுப் படையும் திடீரென்று பாயும். தேமல் சிவந்து வீங்கும். முழங்கை நரம்பு தடித்து வலிக்கும். விரல் மடங்கத் தொடங்கும். மாத்திரை சாப்பிடும்போதும் இது வரலாம். சாப்பிட்டு முடித்த பிறகும் வரலாம்.

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். "மாத்திரை ஒத்துக்கலை" என்று நிறுத்தி விடுகிறார்கள். மாத்திரை மேல் குற்றமில்லை. நிறுத்தினால் கிருமி தப்பித்துக் கொள்ளும்.

உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். படையின் வேகத்தை அடக்க பிரெட்னிசோலோன் மாத்திரை கொடுப்பார். நரம்பு கெட்டு 6 மாதத்துக்குள் சிகிச்சை தொடங்கினால், போன உணர்ச்சி திரும்ப நல்ல வாய்ப்பு உண்டு. நாள் கடந்தால் விரல் மடங்கியது மடங்கியதுதான். பிறகு ஆபரேஷன் தேவைப்படும்.

உணர்ச்சி இல்லாத தேமல், சூடு தெரியாத விரல், பிடி நழுவும் கை - இதில் எது இருந்தாலும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். கிருமியை ஒழிக்கும் மருந்து 6 மாதம் அல்லது 12 மாதம். காசு கிடையாது.