உங்களுக்குத் தெரியுமா? வயதான நாயின் நீலக் கண்
வயதான நாயின் கண்ணில் நீலம் பாய்ந்தாற்போல் மங்கல் தெரிந்தால் உடனே கண்புரை என்று பதறாதீர்கள். 7, 8 வயதுக்கு மேல் விழிலென்ஸின் நடுப்பகுதி இறுகுவதால் பெரும்பாலும் இந்த நீல மங்கல் வருகிறது; பார்வை பெரிதாகக் கெடாது. பால்போல் வெளுத்தால் புரையாக இருக்கலாம். எதற்கும் கால்நடை மருத்துவர் ஒருமுறை பார்த்துவிடட்டும்.

அதேபோல், வயதான நாய் எழுந்திருக்கத் திணறினால் ‘வயசாயிடுச்சு’ என்று விட்டுவிடுகிறோம். பல நேரம் அது மூட்டுவலி. வழவழப்பான டைல்ஸில் பின்னங்கால்கள் அகன்று வழுக்கும். படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம்வரை ரப்பர் அடி உள்ள கால்மிதிகளைப் போடுங்கள் (சாக்கு வேண்டாம், அதுவே சறுக்கும்). வளர்ந்த நகத்தையும் வெட்டிவிடுங்கள்.

வலிக்கிறதே என்று வீட்டு மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பாராசிட்டமால் நாயின் கல்லீரலைக் கெடுக்கலாம். ஐபுபுரூஃபன் வயிற்றைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் பதம்பார்த்துவிடும்.